அத்தியாயம் 4: அத்திவாரத்தில் ஏறும் ஈரம்

களனியில் காணி பார்க்கப் போகிறவர் மண்வெட்டியை எடுக்குமுன் உறுதியை எடுத்து வாசிக்க வேண்டும். காணிக்கு உறுதியில் ஒரு பழைய சிங்களப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் ‘கும்புர’ என்று முடிந்தால் அது வயலாக இருந்த நிலம். ‘தெனிய’ என்றால் இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள ஈரப் பள்ளம். ‘வில’ என்றால் சதுப்பு. ‘ஓவிட்ட’ வயலோரத்தில் சற்றே உயர்ந்த நிலம். ‘வத்த’ என்று முடிந்தால் தோட்டம். பெரும்பாலும் மேட்டுக் காணி. இன்று அந்த இடத்தில் மதில், கேற், கொங்கிரீட் ஒழுங்கை எல்லாம் வந்திருக்கலாம். தண்ணீருக்கு மட்டும் பழைய பெயர் மறப்பதில்லை.

இந்த அத்தியாயம் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்து, வத்தளை, களனிப் பக்கம் ஆறு பேர்ச், எட்டு பேர்ச் வாங்கி முதல் வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. உங்களுக்கு ஒரு கட்டடக் கலைஞர் இருக்கமாட்டார். ஒரு மேசன் பாஸ் இருப்பார், ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கும், அந்தக் கடையில் ‘வோட்டர் புரூஃபிங்’ என்று எழுதிய இருபது வகை வாளிகள் அடுக்கியிருக்கும். எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளி கடைசிச் செலவு. உயரம், வடிகால், நெருக்கமான கொங்கிரீட், அத்திவாரத்தின் மேல் சுவருக்கு அடியில் போடும் ஈரத்தடைப் படையான டீ.பீ.சி. இந்த நான்கும் சரியாக இருந்தால் வாளியில் சிறியது போதும். இவை பிழைத்தால் எந்த வாளியும் வீட்டைக் காக்காது.

எந்தத் தண்ணீர்?

வீட்டுக்கு வரும் தண்ணீர் மூன்று வகை. ஒன்று, மண்ணிலிருந்து கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும் ஈரம். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல இது ஏறும். சுவரில் மூன்றடி வரை வந்து, அங்கே காய்ந்து, கொண்டுவந்த உப்பை வெள்ளையாகப் பூக்க வைக்கும். இரண்டாவது, கூரையிலிருந்து விழுந்து அத்திவாரத்தின் அடியில் தேங்கும் மழைநீர். மூன்றாவது, ஆறு.

இவற்றுக்கு மருந்து வேறு வேறு. கடைக்காரரிடம் ‘தண்ணி வராமல் இருக்க ஒன்று தாருங்கோ’ என்று கேட்டால் அவர் விலை கூடியதை எடுத்துத் தருவார். அது உங்கள் நோய்க்கான மருந்தாக இருக்க வேண்டும் என்றில்லை. ஏறும் ஈரத்துக்கு அழுத்தம் இல்லை. ஒரு மெல்லிய தார்ப் படையே அதை நிறுத்திவிடும். தேங்கிய நீருக்கு அழுத்தம் உண்டு. ஒரு மீற்றர் ஆழ நீர் அதன் அடியில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு தொன் பாரத்தை வைக்கிறது. பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது உரிந்துவிடும். ஆகவே தேங்கும் நீரைப் பூச்சால் எதிர்ப்பதைவிட அது தேங்காமல் வழிவிடுவது மலிவு.

உங்கள் காணியில் எது என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். நான்கடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். ஆனால் மாசியில் வெட்டிய குழி உங்களை ஏமாற்றும். கொழும்புப் பக்கம் மழை உச்சம் வருவது மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும். குழியை அந்த மாதங்களில் பாருங்கள். அத்திவாரத்தை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் போடுங்கள். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பார்க்கலாம். ‘நவம்பரில் தண்ணி எந்தப் படி வரைக்கும் வரும், அக்கா?’ என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டால் உடனே சொல்வார். அதற்குக் கட்டணமும் இல்லை. வரும் வழியில் அந்த வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள்.

களனி கங்கையைப் பற்றி உண்மை

மத்திய மலைநாட்டில் பெய்யும் பெருமழை ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் களனிக்கு வந்து சேர்கிறது. களனியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறுவதை இங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1947, 1989, 2016 மே, பிறகு டித்வா புயலோடு வந்த 2025 நவம்பர் இறுதி. இந்த ஆண்டுகளை ஆற்றோரத்துப் பெரியவர்கள் பிள்ளைகளின் பிறந்த ஆண்டைப் போல ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கொழும்பில் ஆற்றின் மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதி அளவுகோலில் அளக்கிறது. வெள்ள காலத்தில் வானொலியில் நீங்கள் கேட்கும் பெயர் அதுதான்.

வெள்ளத்தை அத்திவாரப் பூச்சால் தடுக்க முடியாது. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் 2016 க்குப் பிறகு பலர் வீட்டின் அடியை விலையுயர்ந்த பூச்சால் மூடிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். தண்ணீர் கதவால் வரும், சன்னலால் வரும், மலசலகூடக் குழி நிறைந்து குழாய் வழியாக உள்ளேயும் எழும். ஒருவேளை எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. வெளியே மூன்றடிக்கு மேல் தண்ணீர் நின்று உள்ளே வெறுமையாக இருந்தால் சாதாரண ஆறங்குலச் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காது. சுவர் உடையலாம், நிலம் மேலே தூக்கப்படலாம். தண்ணீர் உள்ளே வந்து வெளியே போன வீடு கழுவினால் மீளும். விழுந்த சுவரைக் கழுவ முடியாது.

வெள்ளத்துக்கு மருந்து உயரம் ஒன்றுதான். அயலில் 2016 இல் எங்கே நின்றது, 2025 இல் எங்கே நின்றது என்று மூன்று வீடுகளிலாவது கேட்டு, நூல் பிடித்து உங்கள் காணிக்கு மட்டம் கொண்டுவாருங்கள். வீட்டு நிலம் அந்தக் கோட்டுக்கு மேலே வரக்கூடியதாக இருந்தால் மற்ற எதையும் குறைத்து அந்த உயரத்தை எடுங்கள். நான்கு ஐந்து அடி தேவைப்பட்டால் மண் நிரப்பி உயர்த்தாமல் தூண் வைத்து உயர்த்துவது நல்லது. உங்கள் காணியை நிரப்பினால் அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். வயல் நிலத்தை நிரப்புவதற்குக் கமநலச் சட்டத்தின் கீழ் அனுமதியும் வேண்டும். தாழ்நிலமானால் இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தையும் கேட்க வேண்டும். பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்கும்போது இது வெளிவந்தே தீரும்.

அவ்வளவு உயர்த்த வசதி இல்லாதவர்கள் பலர். அவர்கள் பிளக் பொயின்ற்களையும் மின் இணைப்புப் பெட்டியையும் உயரே வைத்து, கீழே மூன்றடிக்குப் பலகையும் ஜிப்சமும் இல்லாமல் சீமெந்துப் பூச்சோடு விட்டு, வெள்ளம் வரும் போகும் என்று கணக்கிட்டுக் கட்டுவதே நேர்மையான வழி.

நிரப்பிய மண்

களனியின் பள்ளக் காணிகளில் அடியில் இருப்பது ஆற்று வண்டலும் களியும், சில இடங்களில் கறுப்பான தாவர மக்கும். மேலே லொறியில் வந்த கிரவல். அந்த மக்கு பஞ்சைப் போன்றது. பாரம் ஏறினால் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அத்திவாரம் ஒரு மூலையில் அரை அங்குலம் இறங்கினாலும் சுவரில் வெடிப்பு வரும், வெடிப்பு வந்த இடத்தில் டீ.பீ.சி. அறும், பூச்சுப் பிளக்கும். ‘வோட்டர் புரூஃபிங் பிழைத்துவிட்டது’ என்று சொல்லப்படும் வீடுகளில் எத்தனையோ உண்மையில் மண் இறங்கிய வீடுகள். ஆகவே பூச்சுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை மண் பரிசோதனைக்கு எடுங்கள். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தில் மண்ணையும் தண்ணீரையும் கட்டடப் பொருட்களையும் சோதித்துத் தருகிறார்கள். மக்கு நிலத்துத் தண்ணீரில் அமிலம் இருக்கக்கூடும், அது கொங்கிரீட்டை மெல்லத் தின்னும்; அதையும் அங்கே கேட்டறியலாம்.

நிரப்பிய காணியை ஒரு மழைக்காலமாவது சும்மா கிடக்க விடுங்கள். வீட்டுக்குள் நிலத்துக்குப் போடும் கிரவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். இரண்டடியை ஒரேயடியாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் அது இறுகியது போலத் தெரியும், அவ்வளவுதான்.

கொங்கிரீட்டே முதல் பூச்சு

கருங்கல் அத்திவாரமானால் கற்களுக்கிடையில் சாந்து நிறைவாக இருக்க வேண்டும். வெளியே முகத்துக்குச் சாந்து அப்பி உள்ளே வெறும் கல்லைப் போடும் வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. உள்ளே விட்ட பொந்தெல்லாம் தண்ணீரின் வழி. கம்பி போட்ட கொங்கிரீட்டானால் மண்ணின் மேல் நேராகக் கம்பியை வைக்கக்கூடாது. முதலில் இரண்டங்குலக் கொங்கிரீட் படை, அதன்மேல் கம்பிக்கு அடியில் இரண்டங்குல மறைப்பு. கலவையில் தண்ணீரைக் கூட்டினால் கொட்டுவது சுலபம். அந்த மேலதிகத் தண்ணீர் காய்ந்து போகும்போது தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுப் போகிறது. அந்தத் துளைகளை அடைக்கத்தான் பிறகு வாளி வாங்குகிறோம். வைப்ரேட்டரை நாள் வாடகைக்கு எடுத்து, கொங்கிரீட்டை ஏழு நாளும் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துவைத்தால், வாளிக் கணக்கில் மிச்சம் பிடிக்கலாம்.

கலவையில் சேர்க்கும் நீர்த்தடை மருந்துகள், தூளாகவும் திரவமாகவும், மூட்டை சீமெந்துக்கு இவ்வளவு என்ற அளவில் கிடைக்கும். நல்ல கலவையை அவை இன்னும் நல்லதாக்கும். கெட்ட கலவையை நல்லதாக்கும் மருந்து எதையும் நான் கண்டதில்லை. அளவைக் கூட்டிப் போட்டால் சீமெந்து இறுகுவதே பிழைக்கலாம். லேபிளில் உள்ளதற்கு மேல் ஒரு கரண்டியும் வேண்டாம்.

டீ.பீ.சி.: நான்கு மூட்டை சீமெந்து

இருபத்தைந்தடிக்கு நாற்பதடி, ஆயிரம் சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவரும் உள்சுவரும் சேர்த்து 220 அடி நீளம், அத்திவாரத்தின் மேல் அகலம் ஒன்பது அங்குலம். பரப்பு 165 சதுர அடி. முக்கால் அங்குலத் தடிப்பில், ஒன்றுக்கு இரண்டு சீமெந்து மணல் கலவை போட்டால் நான்கு மூட்டை சீமெந்துக்குள் முடியும். மணல் ஒரு கியூப்பில் பத்திலொரு பங்குகூட வராது. 2022 நெருக்கடியில் மூட்டை மூவாயிரம் ரூபாவைத் தாண்டிய நாட்களில்கூட இந்தச் சீமெந்துக்குப் பன்னிரண்டாயிரம் சொச்சம்தான். வீட்டுச் செலவில் இவ்வளவு சிறிய தொகைக்கு இவ்வளவு பெரிய பலன் தருவது வேறொன்றும் இல்லை. சுவர் எழும்பிய பிறகு இதே வேலையைச் செய்ய வேண்டுமானால் சுவரைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும், அல்லது துளையிட்டு மருந்து ஏற்ற வேண்டும். செலவு பல மடங்கு, பலன் பாதி.

செய்முறையில் அவசரம் கூடாது. மேல்மட்டத்தைக் கழுவி நனைத்துக் கலவையைப் போடுங்கள். மூன்று நாளாவது நனைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டுத் தூசியைத் துடையுங்கள். காய்ச்சிய தார் ஒரு கை. அது காய்ந்தபின் இரண்டாவது கை. இரண்டாவது இளகியிருக்கும்போதே சுத்தமான காய்ந்த மணலைத் தூவுங்கள். மணல் இல்லாவிட்டால் அடுத்த வரிக் கல்லின் சாந்து தாரில் பிடிக்காது. ஈரச் சீமெந்தில் தார் பூசினால் ஒட்டாது; மழை மூட்டம் போட்ட நாளில் பூச விடாதீர்கள்.

என் வீடு கட்டும்போது எங்கள் பாஸ் சொன்னார்: “தம்பி, அடியில பீம் இருக்குதானே, கொங்கிரீட்டுக்கு மேல தார் எதுக்கு? சும்மா காசு.” அனுபவசாலி, மற்ற வேலையெல்லாம் சுத்தம். நானும் தலையாட்டிவிட்டேன். மூன்றாவது மழைக்காலத்தில் பின்னறையில் அம்மாவின் கட்டில் தலைமாட்டுச் சுவர் உப்புப் பூத்தது. சுரண்டிப் பெயின்ட் அடித்தேன், மறுபடி பூத்தது. நீர் தடுக்கும் பெயின்ட் என்று வாங்கி அடித்தேன். ஈரம் அதற்கு மேலே ஏறிப் பூத்தது. பீம் கொங்கிரீட் நெருக்கமாக இருந்தால் ஈரம் குறையும் என்பது உண்மை. எங்கள் பீமில் அந்த மூலையில் கொங்கிரீட் நிறையாமல் கூடு விழுந்திருந்தது பூச்சை உடைத்தபோதுதான் தெரிந்தது.

டீ.பீ.சி. வெளித் தரையிலிருந்து ஆறங்குலமாவது மேலே இருக்க வேண்டும். களனியில் நான் ஓரடி என்பேன். ஒழுங்கையைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே புதியதைப் போடுகிறார்கள். பத்து ஆண்டில் வீதி ஏறும், வீடு பள்ளமாகும். முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கும் ஆசையும் பிறகு வரும். பூச்சுக்காரர் டீ.பீ.சி. கோட்டை மூடி மண்வரைக்கும் ஒரே பூச்சாக இழுத்தாலும் ஈரத்துக்குப் பாலம் கட்டியதாகிவிடும். அந்தக் கோட்டில் பூச்சை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

நிலத்துக்கு அடியில் பொலித்தீன். ஆயிரம் கேஜ், அதாவது கால் மில்லிமீற்றர் தடிப்பு. அதற்கு மெல்லியது கிரவல் கல்லிலேயே கிழியும். கிரவல் மேல் இரண்டங்குல மணல் பரப்பி, அதன்மேல் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி வைத்து ரேப் ஒட்டி, ஓரங்களைச் சுவரோடு மேலே மடித்து டீ.பீ.சி.யோடு சேர்க்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஆயிரத்து இருநூறு வாங்குங்கள். கறையான் மருந்து அடிப்பதானால் விரிப்பதற்கு முன்னர்.

வெளிமுகம்

இப்போது வாளிக்கு வருவோம். மண்ணைத் தொடும் வெளிமுகத்துக்கு, இந்த வீட்டில் 130 அடிச் சுற்றளவும் இரண்டடி உயரமுமாக 260 சதுர அடி. சீமெந்துப் பூச்சின் மேல் தண்ணீரில் கலந்த பிட்டுமன் இரண்டு கை, முதல் கை நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. சாதாரணக் காணிக்கு இது போதும், விலையும் குறைவு. பக்கத்துக் காணி உங்களுடையதைவிட உயர்ந்து அந்தச் சுவர் மண்ணைத் தாங்கி நின்றால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் தூளும் பாலுமாகச் சேர்த்துக் குழைக்கும் பொலிமர் சீமெந்துப் பூச்சுப் போடுங்கள். சூடாக்கி ஒட்டும் தார்ச் சுருள் நிலத்தடி அறை உள்ளவர்களுக்கு உரியது. எட்டு பேர்ச் வீட்டுக்கு வேண்டியதில்லை. பூசியதை மண் மூடுமுன் பாருங்கள். மூடும் மண்ணில் கல்லும் ஓடும் இருந்தால் பூச்சைக் கிழிக்கும்.

சுற்றிவர இரண்டரை அடிக் கொங்கிரீட் ஓரம், வெளிப்பக்கம் சாய்வு. கூரைக்குப் பீலி, பீலித் தண்ணீர் குழாய் வழியாகக் கானுக்கு. பின்பக்கம் தேங்கும் காணியானால் அத்திவாரத்தோரம் துளையிட்ட நாலங்குலக் குழாயை மெட்டல் சுற்றிப் புதைத்து வெளியே விடுங்கள். வெளியே விடக் கான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போக வழியில்லாத குழாய் தண்ணீரை வீட்டடியில் சேர்த்துவைக்கும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை

வெள்ளவத்தை என்ற பெயரே மணல் தோட்டம் என்ற பொருளில் வந்தது. மணலில் தண்ணீர் நிற்காது, ஆனால் உப்பு நிற்கும். அங்கே பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் மணலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும். கழுவாத கடல் மணலில் கட்டிய சுவர் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், டீ.பீ.சி. இருந்தாலும். கம்பியும் துருப்பிடிக்கும். கொட்டாஞ்சேனையில் கபொக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய பொதுச் சுவரை ஒட்டிப் புதிய அத்திவாரம் போடும்போது, இரண்டு சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் மழை இறங்காமல் மேலே தகடு வைத்து மூடுவது முதல் வேலை. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சீமெந்தால் பூசினால் அதன் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரே ஏறும்; சுண்ணாம்பாலேயே பூசுங்கள்.

டீ.பீ.சி. போடுவது இரண்டு நாள் வேலை, ஒன்று கலவைக்கு, ஒன்று தாருக்கு. அந்த இரண்டு நாளும் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காணியில் நில்லுங்கள்.